சுபேதார் ராம்ஜியின் சம்பாத்தியம்

(மாணவர்களும் இயக்கச் செயல்வீரர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்னைக்கு நான் பேசப்போறவர் மேடை ஏறினவர் இல்ல. கட்சி கட்டினவர் இல்ல. புத்தகம் எழுதினவரும் இல்ல. பட்டாளத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, ஓய்வுக்கு அப்புறமும் ஓயாமல் ஊர் ஊராக வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்து, பம்பாயில் தொழிலாளிகள் குடியிருந்த பகுதியில் காலத்தை முடித்த ஒரு குடும்பஸ்தர். பெயர் ராம்ஜி மாலோஜி சக்பால். சுபேதார் ராம்ஜி. பாபாசாகேப் அம்பேத்கருடைய அப்பா.

அப்பாவைப் பற்றி எதுக்குத் தனியா ஒரு கூட்டம்னு கேக்கலாம். காரணம் இருக்கு. அம்பேத்கர் கதையை நமக்கு எப்படிச் சொல்றாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு நல்ல ஆசிரியர் சோறு கொடுத்தார், பெயர் கொடுத்தார். ஒரு சீர்திருத்தக்காரர் புத்தகம் கொடுத்தார். ஒரு மகாராஜா உதவித்தொகை கொடுத்தார். கொடுத்தார், கொடுத்தார், கொடுத்தார். இந்தக் கதையில நம்ம ஆளு எப்பவும் கையேந்தி நிக்கிறான். அவன் வீடு எங்கே? அவன் அப்பா, அம்மா, அத்தை, அக்கா, அண்ணன் எல்லாம் எங்கே? ஒரு வரியில வந்து போயிடுறாங்க.

அந்த ஆசிரியர் கதை, மகாராஜா கதை எல்லாம் பொய் இல்லை. உதவி செய்தவர்களைப் பாபாசாகேபே நன்றியோடு சொல்லியிருக்கிறார். ஆனால் பரோடா மகாராஜா சாயாஜிராவ் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது பையன் கல்லூரிக்குப் போன பிறகு. அதுவரைக்கும் அந்தப் பையனைப் படிக்க வைத்தது யார்? எதை விற்று, எதை அடகு வைத்து? இந்தக் கணக்கைப் பார்க்காமல் அந்த வரலாறு முழுசாகாது.

உங்களுக்கும் இதுல சம்பந்தம் இருக்கு. நீங்க உதவித்தொகையில படிக்கிறீங்க, ஆதிதிராவிடர் விடுதியில தங்கியிருக்கீங்க. "கவர்மெண்ட் சோறு"ன்னு சொல்லிக் காட்டுறவன் இல்லாத வகுப்பறை உண்டா? அவனுக்குப் பதில் சொல்லணும்னா முதல்ல நம்ம வீட்டுக் கணக்கு நமக்குத் தெரியணும்.

ராம்ஜியின் பூர்வீகம் கொங்கணக் கரையில், ரத்தினகிரி மாவட்டத்து அம்பாவடே கிராமம். சாதி மகர். மகர்களுக்கு ஊரில் என்ன வேலை? காவல் காக்கணும். சேதி கொண்டு ஓடணும். செத்த மாட்டை இழுக்கணும். ஊர் எப்போ கூப்பிட்டாலும் வந்து நிக்கணும். இதுக்கு ஒரு துண்டு மானிய நிலமும், வீட்டுக்கு வீடு வாங்குற சோறும். நம்ம ஊர் வெட்டியான், தோட்டி வேலையை நினைச்சுக்கிட்டா விளங்கிடும். வேலைக்குப் பேர் உரிமை, நடப்பு அடிமைத்தனம்.

இந்தக் கட்டிலிருந்து ஒரு வழி திறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் பட்டாளம். மகர்கள் அதில் ஏராளமாகச் சேர்ந்தார்கள். ராம்ஜியின் அப்பா மாலோஜியும் பட்டாளத்துக்காரர்தான். ராம்ஜி கட்டிக்கிட்ட பீமாபாயின் அப்பாவும் பட்டாளத்தில் சுபேதார். கம்பெனி ஆட்சி தொடங்கின காலத்திலேயே தன் முன்னோர்கள் குலத்தொழிலை விட்டுவிட்டுப் பட்டாளத்துக்குப் போனார்கள் என்று அம்பேத்கர் எழுதியிருக்கிறார். குலத்தொழிலை விட்டார்கள் என்பதைத்தான் கவனிக்கணும். அதுக்கு ஊரை விட்டே போக வேண்டியிருந்தது.

பட்டாளத்தில் சம்பளம், சீருடை, பதவி இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருந்தது. பள்ளிக்கூடம். கம்பெனிப் பட்டாளத்தில் இந்தியச் சிப்பாய்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயம். ஆண் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெண் பிள்ளைக்கும். ஊர்ப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில்கூட உட்கார முடியாத சாதியில், பட்டாள லைனில் பிறந்த பொம்பளப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிச்சது. ராம்ஜி புனேயில் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பட்டாளப் பள்ளியில் வாத்தியார் ஆனார். தலைமையாசிரியராக மட்டும் 14 ஆண்டுகள். இங்கிலீஷும் கணக்கும் அவருக்கு நல்லாப் பிடிபட்ட பாடங்கள். மத்திய இந்தியாவில் மாவ் என்கிற படைமுகாமில் இருந்தபோது 1891 ஏப்ரல் 14 அன்று அவருக்குப் பதினான்காவது பிள்ளை பிறந்தது. பெயர் பீமாராவ். பதினான்கில் பெரும்பாலானவை தங்கவில்லை. குழந்தை சாகாத வீடு அன்றைக்கு நம்மில் எது?

இங்கே ஒரு கேள்வி வரும். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவனைப் போய் நீங்க கொண்டாடலாமா? அது நாடு பிடிக்க வந்தவன் படை அல்லவா? ஆமா, அப்படித்தான். மறைக்கத் தேவையில்லை. கம்பெனி நம்ம மேல இரக்கப்பட்டுப் பள்ளிக்கூடம் வைக்கல. உத்தரவைப் படிக்கிற, கணக்கு எழுதுற சிப்பாய் அவனுக்குத் தேவைப்பட்டான், வச்சான். ஆனா இந்தக் கேள்வியைக் கேட்கிறவங்க இன்னொண்ணையும் சேர்த்துக் கேட்கணும். அந்த மனுஷனை ஊரு வச்சிருந்த இடம் எது? செத்த மாட்டை இழுக்கிறதா, துப்பாக்கி தூக்கிக்கிட்டு எழுதப் படிக்கிறதா என்று ரெண்டு வழி இருந்தபோது, எவன் முதல் வழியில் நிற்பான்? தேசத்துரோகம்னு நம்ம பாட்டன்களைச் சொல்றதுக்கு முன்னாடி அவங்களுக்கு தேசம்னு எதைக் காட்டினாங்கன்னு சொல்லிட்டுப் பேசட்டும்.

சரி, வெள்ளைக்காரனாவது கடைசிவரைக்கும் வாக்குத் தவறாமல் இருந்தானா? இல்லை. 1857-க்குப் பிறகு படையை மாற்றி அமைத்தார்கள். போகப்போக 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்று ஒரு கொள்கை பேசினார்கள். சில சாதிகளுக்கு வீரம் ரத்தத்திலேயே உண்டு, மற்றவர்களுக்கு இல்லை என்று. மனு சொன்னதைத்தான் இங்கிலீஷில் சொன்னான். 1892-இல் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. மூன்று தலைமுறையாக ரத்தம் கொடுத்தவர்களை, "நீங்கள் போர்ச்சாதி இல்லை" என்று ஒரே உத்தரவில் வெளியே தள்ளினார்கள்.

நம்ம பக்கத்திலும் இதே கதைதான். சென்னைப் பட்டாளத்தில், அதிலும் பாலம் கட்டி, பாதை வெட்டி, சுரங்கம் தோண்டுகிற சாப்பர்ஸ் படையில், பறையர்கள் ஏராளமாக இருந்தார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், அதன்பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தலைமை வகித்த ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டுச் சிப்பாய் சண்டைக்கு லாயக்கில்லை என்ற கருத்துடையவர். ஆள் எடுப்பது பஞ்சாப் பக்கமும் நேபாளப் பக்கமும் திரும்பியது. தமிழ்நாட்டுச் சேரிகளுக்கும் அந்தக் கதவு சுருங்கியது.

கதவைச் சாத்தியதும் ராம்ஜி என்ன செய்தார்? தலையெழுத்து என்று உட்காரவில்லை. மகாதேவ கோவிந்த ரானடேயிடம் போய், தடையை நீக்கக் கோரும் விண்ணப்பத்தை எழுத உதவி வாங்கினார். அவருக்கு வேலை போகவில்லை, அதைக் கவனிங்க. அவர் சேவை முடியும் தறுவாயில் இருந்தார். அடுத்த தலைமுறைக்காக எழுதினார். கொங்கணத்திலேயே ஓய்வுபெற்ற இன்னொரு பட்டாளத்துக்காரர், கோபால் பாபா வலங்கர், தீண்டாமைக்கு எதிராக எழுதிக்கொண்டும் விண்ணப்பித்துக்கொண்டும் இருந்தார். 1910-இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே மறுபடியும் இந்தக் கோரிக்கையை லண்டன் வரைக்கும் கொண்டுபோனார். மகாராஷ்டிரத்து தலித் இயக்கத்தின் முதல் தாள்களை எழுதியவர்களில் பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள் முக்கியமானவர்கள். பட்டாளப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்த எழுத்தை வைத்தே பட்டாளத்தின் அநியாயத்தை எதிர்த்து எழுதினார்கள்.

ராம்ஜி ஓய்வு பெற்று, குடும்பத்தோடு தாபோலிக்கு வந்தார். பட்டாளத்தில் ஓய்வுபெற்ற மகர்கள் நிறையப் பேர் குடியிருந்த ஊர். அங்கேயே இருந்துவிடலாம் என்று வந்தவர் பிறகு மனசை மாற்றிக்கொண்டு சதாராவுக்குப் போனார். சதாராவில்தான் பீமாபாய் செத்துப்போனார். பீமாராவுக்கு அப்போது சுமார் ஆறு வயது. பட்டாள வீட்டில் பிறந்து, பட்டாள வீட்டில் வாழ்க்கைப்பட்டு, பதினான்கு பிள்ளை பெற்று, அதில் பாதிக்கு மேல் மண்ணுக்குக் கொடுத்த அந்தத் தாயைப் பற்றி வரலாறு எழுதி வைத்திருப்பது சில வரிகள்தான். ராம்ஜியைப் பேசுகிறவன் பீமாபாயைச் சும்மா தாண்டிப் போகக் கூடாது.

பென்ஷன் மட்டும் போதவில்லை. ராம்ஜி வேலைக்குப் போனார். சதாரா மாவட்டத்தில் கோரேகான் என்ற இடத்தில் அரசாங்கம் ஒரு குளம் வெட்டியது. இது 1818 சண்டை நடந்த பீமா கோரேகான் அல்ல, வேறு ஊர். பஞ்ச காலம். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு வேலை கொடுக்க வெட்டிய குளம் அது. அங்கே ராம்ஜிக்குக் காசாளர் வேலை. காசுக்குப் பொறுப்பாளி என்பதால் இடத்தை விட்டு நகர முடியாது. பிள்ளைகள் சதாராவில். கவனிக்க இருந்தவர் அத்தை. ராம்ஜியின் அக்காவோ தங்கையோ, மீராபாய். அன்பே உருவானவர், ஆனால் கால் வழங்காது, அடுத்தவர் தூக்கிவிட்டால்தான் எழுந்திருக்க முடியும். பிள்ளைகளே பள்ளிக்கூடம் போய், பிள்ளைகளே சமைத்தார்கள். ரொட்டி சுடத் தெரியாது. அரிசியையும் கறியையும் ஒன்றாகப் போட்டுப் பொங்கிச் சாப்பிட்டார்கள். இதெல்லாம் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சின்ன நூலில் பாபாசாகேபே எழுதியது. படிக்காதவங்க தேடிப் படிங்க.

1901 வாக்கில் கோடை விடுமுறைக்கு வரச்சொல்லி ராம்ஜி பிள்ளைகளுக்குக் கடிதம் போட்டார். புதுத் துணி எடுக்கப் பணமும் அனுப்பினார். பளபளவென்று குல்லாய், பட்டுக்கரை வேட்டி. பிள்ளைகள் ரயிலேறி மசூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். வருகிற நாளைச் சொல்லிப் பிள்ளைகள் போட்ட கடிதத்தை வேலையாள் ராம்ஜியிடம் கொடுக்க மறந்துவிட்டான். கூப்பிட ஆள் வரவில்லை. உடுப்பைப் பார்த்து நல்ல சாதிப் பிள்ளைகள் என்று நினைத்த ஸ்டேஷன் மாஸ்டர், "யாரு நீங்க?" என்று கேட்டார். "மகர்" என்று சொன்னதும் முகம் மாறிப் பின்வாங்கிப் போனார். வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருத்தன் ரெட்டைக் கூலிக்கு ஒத்துக்கொண்டான். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்டணும், அவன் பக்கத்தில் நடந்து வருவான். ஒன்பது வயசுப் பையன் பீமாராவ் அந்த வண்டியில் இருக்கிறான். சோற்று மூட்டை இருக்கிறது, தண்ணீர் இல்லை. வழியில் இருந்த தண்ணீர் சேறும் சாணியுமாக நாறியது. சுங்கச்சாவடிக்காரனும் கொடுக்கவில்லை. பட்டினியாகப் படுத்தார்கள். மறுநாள் பகலில்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தச் சம்பவத்தைப் பையன் பக்கம் இருந்து எத்தனையோ பேர் பேசியாச்சு. ஒரு தடவை அப்பா பக்கம் இருந்து பாருங்க. அரசாங்கத்தில் சுபேதாராக இருந்தவர். அவர் பேருக்கு முன்னால் பதவி இருக்கு. குளம் வெட்டுற இடத்தில் காசுப்பெட்டி அவர் பொறுப்பில் இருக்கு. ஊருக்கே தண்ணி கிடைக்க நடக்கிற வேலை. அந்த வேலை பார்க்கிறவர் பிள்ளைகளுக்கு அதே ஜில்லாவில் ஒரு வாய் குடிதண்ணி கிடைக்கல. அவர் வாங்கிக் கொடுத்த பட்டுக்கரை வேட்டி ஸ்டேஷன் மாஸ்டரை அஞ்சு நிமிஷம் ஏமாத்துச்சு, அவ்வளவுதான். சம்பாதிச்சா சாதி போயிடும்னு இன்னைக்கும் நம்மில் சிலர் நம்புறாங்களே, அவங்க இந்த இடத்தைக் கொஞ்சம் நின்னு படிக்கணும்.

ராம்ஜியைத் தெய்வமாக்க நான் வரவில்லை. சாமி படம் மாட்டுற வேலை நமக்கு வேண்டாம். பீமாபாய் போன பிறகு அவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். தன் அம்மாவின் நகையைச் சித்தி போட்டுக்கொண்டது பீமாராவுக்குப் பொறுக்கவில்லை. அப்பாவின் தயவில் இருக்கக் கூடாது, பம்பாய்க்குப் போய் மில்லில் வேலை தேடிக்கொள்ளலாம் என்று, செலவுக்காக அத்தையின் இடுப்பில் இருந்த சுருக்குப் பையைத் திருடப் பார்த்தான். மூன்று ராத்திரி முயன்று, நாலாம் ராத்திரி பை கைக்கு வந்தது. உள்ளே இருந்தது அரையணா. அந்த வெட்கத்தில்தான் ஒழுங்காகப் படித்து, தன் காலில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தான். பட்டாள வீட்டு அத்தையின் மொத்தச் சொத்து அரையணா. இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ராம்ஜி கபீர் நெறிக்காரர். சாதி பார்க்காத பக்தி. வீட்டில் தினமும் வழிபாடு, பாட்டு. கூடவே மகாபாரதம், ராமாயணம் படிக்கச் சொல்வார். பையன் கேட்டான்: பிராமணனையும் சத்திரியனையும் உயர்த்தி, சூத்திரனையும் தீண்டப்படாதவனையும் தாழ்த்துகிற இந்தப் புத்தகத்தை நாம் எதுக்குப் படிக்கணும்? அப்பா சொன்ன பதில், நமக்குத் தாழ்வு மனப்பான்மை வராமல் இருக்கத்தான். துரோணரும் கர்ணனும் சின்ன நிலையிலிருந்து பெரிய இடத்துக்குப் போனவர்கள், வால்மீகி கோலி சாதிக்காரர் என்று. அப்பாவின் வாதத்தில் கொஞ்சம் விஷயம் இருந்தது, ஆனால் எனக்குத் திருப்தியில்லை என்று 1956-இல் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில் பாபாசாகேப் சொல்கிறார். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுது. அப்பா மத நம்பிக்கைக்காரர், கண்டிப்பானவர். ஆனாலும் அந்த வீட்டில் பையன் எதிர்த்துக் கேட்க முடிந்தது. கேட்டால் அடி விழவில்லை, பதில் வந்தது. பதில் போதாமல் போன இடத்திலிருந்து மகன் தன் வழியைத் தொடங்கினான். அது மதத்தை விட்டே வெளியேறுகிற வழி.

1904-இல் குடும்பம் பம்பாய் வந்தது. பரேல் பகுதியில் டபக் சால். சால் என்றால் மில் தொழிலாளிகள் அடைந்து கிடக்கும் வரிசை வீடு. ஓர் அறை. அதுவே அடுப்படி, அதுவே படுக்கை, அதுவே படிப்பறை. சத்தத்தில் படிக்க முடியாது. அதனால் ராம்ஜி ஓர் ஏற்பாடு செய்தார். பையனைச் சாயந்திரமே தூங்க வைப்பார். தான் முழித்திருந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க உட்கார வைப்பார். ஊர் அடங்கின நேரம் அந்தப் பையனின் படிப்பு நேரம். பட்டாளத்தில் பாரா நின்று பழகின உடம்பு. அந்தப் பழக்கத்தைக் கடைசியில் மகனின் புத்தகத்துக்குக் காவல் நிற்கப் பயன்படுத்தினார்.

பையன் புத்தகம் கேட்பான். பாடப் புத்தகம் மட்டும் இல்லை, கண்ணில் பட்ட புத்தகமெல்லாம் கேட்பான். கையில் காசு இருக்காது. ராம்ஜி கல்யாணமாகிப்போன மகள் வீட்டுக்கு நடப்பார். கைமாத்து கேட்பார். ஒரு மகளிடம் இல்லையென்றால் இன்னொரு மகள். பணமில்லாவிட்டால் நகையைக் கழற்றிக் கொடுப்பார்கள். அடகு வைப்பார், புத்தகம் வாங்குவார். மாசம் பிறந்து பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பார். அடுத்த புத்தகத்துக்கு மறுபடி அதே நடை.

தங்கைகளே, இந்த இடத்தை நீங்க விடாதீங்க. அந்த வீட்டில் மூணு ஆண் பிள்ளை தங்கினது: பலராம், ஆனந்தராவ், பீமாராவ். பெண்களில் மஞ்சுளா, துளசி. சதாராவில் நாவிதர் யாரும் முடி வெட்ட மாட்டார். பீமாராவுக்கு வீட்டிலேயே முடி வெட்டிவிட்டது அக்கா. புத்தகத்துக்குக் கழற்றிக் கொடுத்த நகை அக்காமார் நகை. ரெண்டு பேரை உயர்நிலைப் பள்ளியில் வைத்துப் படிக்க வைக்க முடியாமல், ஆனந்தராவ் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். ஒருத்தர் படிக்க, ஒரு வீடே படிப்பை விட்டது. இந்த ஏற்பாட்டில் ராம்ஜியிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது. பெண்ணுக்கும் எழுத்து சொல்லிக் கொடுத்த பட்டாளப் பள்ளியின் தலைமையாசிரியர், தன் மகள்களைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தானே மகனைப் படிக்க வைத்தார்? 1906-இல் பீமாராவுக்கே கல்யாணம் முடித்து வைத்தார். பையனுக்குப் பதினைந்து வயதுகூட முழுசாக ஆகவில்லை, பெண் ரமாபாய் அவனைவிடச் சின்னக் குழந்தை. பைகுல்லா மார்க்கெட்டில், கடையெல்லாம் அடைத்த பிறகு ராத்திரியில் நடந்த கல்யாணம். அந்தக் காலம் அப்படி என்று சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்தின் பாரத்தை யார் சுமந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். பெண்கள் சுமந்தார்கள்.

இன்னொரு சங்கதி. பீமாராவ் பள்ளித் தேர்வில் தேறினான். சாதி சனம் சந்தோஷப்பட்டு, கூட்டம் போட்டுப் பாராட்ட வேண்டும் என்று வந்தது. ராம்ஜி ஒத்துக்கொள்ளவில்லை. தேர்வுதானே தேறியிருக்கான், இதுக்கெல்லாம் விழா எடுத்தால் பையனுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்றார். அப்புறம் தாதா கேலுஸ்கர் என்ற எழுத்தாளர் வந்து வாதாடித்தான் சம்மதம் வாங்கினார். அந்தக் கூட்டத்தில்தான் கேலுஸ்கர் தான் எழுதிய புத்தர் வாழ்க்கை வரலாற்றைப் பையனுக்குப் பரிசாகக் கொடுத்தார். இதைக் கேட்கும்போது இயக்கக்காரங்க நமக்கும் கொஞ்சம் உறைக்கணும். சின்ன விஷயத்துக்கெல்லாம் டிஜிட்டல் பேனர் வைக்கிறோமே, ராம்ஜி பார்த்தால் என்ன சொல்வார்?

1907-இல் மெட்ரிக். பிறகு எல்பின்ஸ்டன் கல்லூரி. பி.ஏ. முடித்த கையோடு 1913 ஜனவரியில் பீமாராவ் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை தெரியுமா? பரோடா படையில் லெப்டினன்ட். சுபேதார் மகன் லெப்டினன்ட். ஆனால் பரோடா போவதில் ராம்ஜிக்கு விருப்பமில்லை. அங்கே சாதி எப்படி நடத்தும் என்று அவருக்குத் தெரியும். போன கொஞ்ச நாளில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்தது. கிளம்பி வரும் வழியில், சூரத் ஸ்டேஷனில் அப்பாவுக்கு இனிப்பு வாங்க இறங்கினார். ரயில் போய்விட்டது. மறுநாள்தான் பம்பாய் வந்து சேர முடிந்தது. மகன் முகத்தைப் பார்த்த பிறகு உயிர் போனது. 1913 பிப்ரவரி 2.

அந்த வருஷமே ஜூலையில் மகன் நியூயார்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ராம்ஜி அதைப் பார்க்கவில்லை. அவர் விண்ணப்பம் எழுதின விஷயம் என்ன ஆனது? முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் 1917-இல் மகர்களைக் கூப்பிட்டு ஒரு பட்டாலியன் அமைத்தான் வெள்ளைக்காரன். தேவை முடிந்ததும் 1921-இல் கலைத்துவிட்டான். இரண்டாம் உலகப்போர் வந்ததும் 1941-இல் மகர் ரெஜிமெண்ட் அமைத்தான். வைசிராயின் நிர்வாகக் குழுவில் 1942-இல் உறுப்பினரான மகன், அப்பா தட்டிய அதே கதவைத் தட்டியவர்களில் ஒருவர். அந்த ரெஜிமெண்ட் இன்றும் இருக்கிறது. 1892-இல் சாத்திய கதவு நிரந்தரமாகத் திறக்க ஐம்பது வருஷம் ஆனது.

1923-இல் அம்பேத்கர் லண்டனில் வெளியிட்ட 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலைத் தன் தாய் தந்தையின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். தன் படிப்புக்காக அவர்கள் செய்த தியாகத்துக்கு நன்றி என்று எழுதினார். பணத்தைப் பற்றிய பொருளாதாரப் புத்தகம் அது. அந்தப் பணத்தை நகை அடகில் பார்த்த வீட்டிலிருந்து வந்தவர் எழுதியது.

தோழர்களே, இப்போ நம்ம கதைக்கு வர்றேன். நம்ம சேரிகளில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று ஒரு வீடு இருக்கும். தெருவில் முதலில் ஓடு போட்ட வீடு, முதலில் பத்தாவது முடித்த பிள்ளை அந்த வீட்டில்தான் இருக்கும். பட்டாளம் இல்லாவிட்டால் ரயில்வே, இல்லாவிட்டால் தபால் ஆபீஸ், கோலார் தங்க வயல், துறைமுகம். அந்த ஒரு மாசச் சம்பளமும், ஒரு பென்ஷனும்தான் ஒரு குடும்பத்தைப் பண்ணையாள் வேலையிலிருந்து மீட்டது. ராம்ஜியின் வீட்டில் நகையை மீட்டது எது? பென்ஷன். மாசம் பிறந்தால் தவறாமல் வரும் என்ற உறுதி. அந்த உறுதி இருந்ததால்தான் கடன் வாங்கிப் புத்தகம் வாங்கத் துணிந்தார்.

அந்த உறுதியைத்தான் இன்றைக்குப் பறிக்கிறார்கள். 2022-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த அக்னிபத் திட்டத்தில் சிப்பாய்க்கு நாலு வருஷ வேலை. அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரைத் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடுவார்கள், பென்ஷன் கிடையாது. வேறு துறைகளிலும் நிரந்தர வேலை போய் ஒப்பந்தக் கூலி வந்துவிட்டது. 1892-இல் சாதியைச் சொல்லிச் சாத்தினான். இன்று செலவைச் சொல்லிச் சாத்துகிறார்கள். யார் வீட்டு வாசல் அடைபடுது என்று பாருங்கள், விஷயம் விளங்கும். வேலை உரிமைக்கான போராட்டமும் சாதி ஒழிப்புப் போராட்டமும் வேற வேற என்று நினைப்பவர்கள் ராம்ஜியின் அடகுச் சீட்டைப் பார்க்க வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் வீட்டில், தெருவில் முதல் சம்பளம் வாங்கினவர் யார் என்று கேளுங்கள். பட்டாளத்தில் இருந்தவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எந்த முகாம், எந்தச் சண்டை, முகாமில் சாதி எப்படி இருந்தது, லீவில் சீருடையோடு ஊருக்கு வந்தபோது ஆதிக்க சாதித் தெரு எப்படிப் பார்த்தது, வந்த பணத்தில் என்ன செய்தார். அதோடு நிறுத்தாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடமும் கேளுங்கள். அவர் எல்லையில் இருந்த வருஷங்களில் வீட்டை நடத்தியது யார், எந்த நகை எப்போது அடகுக்குப் போச்சு, எது திரும்பி வரவே இல்லை. டிரங்குப் பெட்டியில் கிடக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம், மெடல், அடகுச் சீட்டு எல்லாம் நம்ம ஆவணம். கரையான் தின்பதற்குள் எடுத்து எழுதுங்கள். இந்தப் பத்திரிகையில் போடுவோம்.

நாளைக்கு ஒருத்தன் உங்களிடம், "உனக்கென்ன, எல்லாம் கவர்மெண்ட் கொடுத்தது" என்று சொன்னால், கோபப்பட வேண்டாம். அந்த நோட்டை எடுத்து அவன் முன்னால் விரித்து வைங்க. எங்க தாத்தா பாரா நின்ன வருஷம் இத்தனை, எங்க பாட்டி கழற்றின தோடு இத்தனை, எங்க சித்தப்பா பாதியில் விட்ட படிப்பு இது என்று கணக்குச் சொல்லுங்க. அரசாங்கம் கொடுக்கிறது அந்தக் கணக்கில் வர வேண்டிய பாக்கி. அதுவும் முழுசா வரல.

ஜெய்பீம்.